இது என்ன பூச்சி, கடிக்குமா? அடையாளம் காட்டும் வழிகளில் எது எதற்கு உதவும்

மழை தொடங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பூச்சிப் படங்கள் வரிசை கட்டும். சுவரில் ஊர்வது, கறிவேப்பிலையை மொட்டையடிப்பது, டியூப்லைட்டைச் சுற்றுவது. கூடவே, "இது என்ன, கடிக்குமா?" என்று ஒரு வரி. கேட்பவருக்கு முதல் பாதி பேச்சுக்குத்தான். பதில் வேண்டியிருப்பது இரண்டாம் பாதிக்கு. போனில் இருக்கும் செயலிகளோ முதல் பாதிக்காகச் செய்யப்பட்டவை. பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எந்த வழி எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை நம் வீட்டிலும் மாடித் தோட்டத்திலும் வழக்கமாகத் தென்படுகிறவற்றை வைத்தே பார்த்துவிடலாம். (சிலந்தி பூச்சியே கிடையாது, எட்டுக் கால் உள்ள தனி வகை என்று திருத்த வருபவர்களுக்கு: சரிதான். ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை.)

கூகுள் லென்ஸ்

படத்தைக் காட்டினால் ஒத்த படங்களை இணையத்தில் தேடித் தரும் கூகுளின் வசதி. எல்லார் கையிலும் ஏற்கெனவே இருப்பது இதுதான். தனியாக எதையும் பதிவிறக்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், உலகம் முழுக்க எல்லாரும் படம் எடுத்துப் போட்டிருக்கும் பூச்சி என்றால் லென்ஸை மிஞ்ச ஆளில்லை.

குளியலறைச் சுவரில் சிமெண்ட் நிறத்தில், இரு முனையும் கூரான வெள்ளரி விதை போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளம். காய்ந்த குப்பை என்று விட்டால் கொஞ்ச நேரத்தில் இடம் மாறியிருக்கும். இதை லென்ஸ் நொடியில் சொல்லிவிடும்: ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. தூசியையும் மணலையும் பட்டு நூலால் ஒட்டி உறை செய்துகொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறது. உறையின் இரு முனையும் திறந்திருப்பதால் எந்தப் பக்கமும் தலையை நீட்டும். பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் ஆகியவைதான் சாப்பாடு. கடிக்காது. ஒட்டடை அடித்தாலே குறைந்துவிடும்.

அதே லென்ஸை ஸ்டோர் ரூமில் உள்ளங்கை அகலத்துக்குக் காலை விரித்துக்கொண்டு நிற்கும் பழுப்புச் சிலந்தியிடம் கொண்டுபோங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஹெட்டரோபோடா வெனட்டோரியா என்ற வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, இரவில் கரப்பானை வேட்டையாடும். பெண் சிலந்தி தட்டையான முட்டைப் பையை வயிற்றடியில் பிடித்தபடி நடமாடும். லென்ஸ் சரியான பெயரையும் தரலாம். அதற்குப் பக்கத்திலேயே அமெரிக்காவின் 'பிரவுன் ரெக்லூஸ்' என்ற விஷச் சிலந்தி பற்றிய பக்கத்தையும், அழுகிய தோல் படங்களையும் சேர்த்துத் தரலாம். பார்த்தவருக்கு அன்று தூக்கம் போச்சு. பிரவுன் ரெக்லூஸ் அமெரிக்காவின் மத்திய, தென் பகுதிகளைச் சேர்ந்தது. அதற்கு ஆறே கண்கள், மூன்று ஜோடிகளாக. நம் வேட்டைச் சிலந்திக்கு எட்டு. லென்ஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. படம் எந்தப் படத்தை ஒத்திருக்கிறது என்று தேடித் தருவதுதான் அதன் வேலை. நீங்கள் நிற்பது திருநெல்வேலியா டெக்சாஸா என்று அது பெரிதாகக் கவலைப்படுவதில்லை. முடிவில் தப்பு இருந்தால் திருத்த ஓர் ஆளும் இல்லை.

சீக்

வீட்டில் குழந்தைகள் இருந்தால் என் ஓட்டு சீக்குக்கு. அடுத்துப் பார்க்கப்போகும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் குழுவினர் 2018-ல் வெளியிட்ட செயலி. கணக்கு வேண்டாம், இணையமும் வேண்டாம். அடையாளம் காணும் வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது. கேமராவைப் பூச்சியிடம் கொண்டுபோனால் திரையில் சிறு வட்டங்கள் ஒவ்வொன்றாக நிறையும். விலங்கு, கணுக்காலி, சிலந்தியினம், குடும்பம் என்று படிப்படியாக இறங்கும். உறுதி இல்லாத இடத்தில் நின்றுவிடும்.

அப்படி நிற்பதுதான் அதனிடம் எனக்குப் பிடித்தது. பலருக்கு எரிச்சலும் அதுதான். ஜன்னல் ஓரத்தில் ஈக்குக் குறிவைத்துப் பதுங்கும் குட்டிச் சிலந்தியைக் காட்டினால் 'குதிக்கும் சிலந்திக் குடும்பம்' என்பதோடு பல நேரம் முடித்துக்கொள்ளும். அது நேர்மையான பதில். நம் சுவர்களில் சாதாரணமாகத் திரியும் பிளெக்சிப்பஸ் பேகுல்லியில் ஆணுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடுகள், பெண்ணுக்கு மங்கிய பழுப்பு. இரண்டையும் வெவ்வேறு இனம் என்றே நினைக்கத் தோன்றும். சிலந்திகளைப் பொறுத்தவரை இனம் வரை உறுதி செய்ய நிபுணர்கள் பெரும்பாலும் நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைத்தான் பார்க்கிறார்கள். உலகச் சிலந்திப் பட்டியலில் 2022-ல் 50,000-வது இனம் ஏறியது. ஆகவே மங்கலான ஒரு படத்தைப் பார்த்து எந்தச் செயலியாவது இனப் பெயரை அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சீக்கின் குறை வேறு. பூச்சி அசையாமல் இருக்க வேண்டும், நீங்களும் அசையக் கூடாது. குதிக்கும் சிலந்தியிடம் இந்த ஒப்பந்தம் செல்லாது.

ஐநேச்சுரலிஸ்ட்

உயிரினப் படங்களைப் பதிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அடையாளம் காணும் தளம் இது. 2008-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. 2023 முதல் தனி லாப நோக்கற்ற அமைப்பு. இதிலும் கணினி ஒரு யூகம் சொல்லும், ஆனால் படம் எடுத்த இடத்தையும் கணக்கில் எடுத்துச் சொல்லும். அதற்கு மேல் ஆட்கள் வருகிறார்கள். பதிவைப் பார்த்து யாரோ ஒருவர் "இது அதில்லை" என்பார். தேதி, இடம், படம் எல்லாம் இருந்து, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் ஆய்வுத் தரம் என்ற முத்திரை விழும்.

ஆள் இருப்பதன் அருமை தெரிய ஒரு மாமரம் போதும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு ஊர்கிற கிளையில் அதே நிறம், அதே உடல்வாகோடு ஒரு சிலந்தியும் ஊரும், மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ். முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கணினி எறும்பு என்று சொல்லிவிடக்கூடும். சிலந்தி பார்த்துப் பழகியவர் காலை எண்ணுவார், கண்ணைப் பார்ப்பார், சிரித்துக்கொண்டே திருத்துவார். நேரில் இன்னும் சுலபம்: கிளையைத் தட்டுங்கள், நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் அது எறும்பில்லை.

குறையும் உண்டு. பட்டாம்பூச்சி, தும்பி என்றால் பதில் அன்றே வரும், ஏனென்றால் அவற்றில் ஆர்வமுள்ளவர்கள் நிறைய. சின்ன ஈ, சின்ன வண்டு, சின்னக் குளவி என்றால் பதிவு மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆய்வுத் தரம் என்பதும் வேத வாக்கில்லை. கணினி சொன்னதை நீங்கள் அழுத்த, நண்பர் ஒருவர் மரியாதைக்கு ஒப்புக்கொள்ள, முத்திரை விழுந்துவிடும். பெயர்களும் லத்தீனிலோ ஆங்கிலத்திலோதான் பெரும்பாலும் கிடைக்கும்.

இன்னொன்று, இது பொதுவெளி. வீட்டுக்குள் எடுத்த படத்தைப் போடும்போது இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அப்போது சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் காட்டும்.

பட்டாம்பூச்சிக்கு மட்டும் என்றால், நிபுணர்கள் சரிபார்த்த படங்களோடு 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' தளம் இருக்கிறது. 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் படங்களையும் அங்கே பார்க்கலாம். முட்டை, புழு, கூட்டுப்புழு வரை படம் வைத்திருப்பதுதான் அதன் பலம். மாதச் சந்தா கேட்கும் பூச்சிச் செயலிகளுக்குக் காசு கட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் தளம்

தோட்டத்துப் பூச்சிக்கு இதைத்தான் முதலில் திறக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது. பயிரைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தாக்கும் பூச்சிகள், சேத அறிகுறி, கட்டுப்பாடு எல்லாம் வரும். மற்ற வழிகள் எல்லாம் பூச்சியிலிருந்து தொடங்குகின்றன. இது செடியிலிருந்து தொடங்குகிறது. எந்தச் செடியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி அடையாளம் முடிந்தது.

கத்தரிச் செடியில் புள்ளி போட்ட வண்டுகள் இரண்டு வகை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் இரண்டையுமே பொறிவண்டு என்று சொன்னால் அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒன்று அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பளபளப்பான வண்டு. இன்னொன்று எபிலாக்னா, மங்கலான நிறம், உடம்பெல்லாம் மெல்லிய பூமயிர், இருபத்தெட்டு வரை புள்ளிகள். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். புழுக்களும் அப்படியே: எபிலாக்னா புழு மஞ்சளாக, முள் முள்ளாக இலையிலேயே கிடக்கும். நல்ல வண்டின் புழு கறுப்பாக நீண்டு, குட்டி முதலை மாதிரி விறுவிறுவென்று ஓடும். இந்த முதலையைப் பார்த்துப் பயந்து மருந்தடிப்பவர்கள்தான் அதிகம்.

மாவுப்பூச்சி விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவே, அதே வெள்ளைப் பஞ்சுடன், ஆனால் இழைகள் நீளமாக, சற்றுப் பெரிதாக, வேகமாக நகரும் ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது கிரிப்டோலீமஸ் என்ற வண்டின் புழு, மாவுப்பூச்சியையே தின்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் முதன்முதலில் தென்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோதும் மருந்து பெரிதாக எடுபடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின.

இந்தத் தளத்தின் குறை, அது ஏக்கர் கணக்கில் பேசுவது. நான்கு தொட்டி வைத்திருப்பவர் ஹெக்டேருக்கு இத்தனை லிட்டர் என்பதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விடக் கூடாது. பிளான்டிக்ஸ் செயலியிலும் தமிழ் இருக்கிறது, இலையைப் படமெடுத்தால் யூகம் சொல்லும். நோய், சத்துக் குறைபாட்டுக்கு அது பரவாயில்லை. பூச்சியின் பெயருக்காக அதைத் திறக்க மாட்டேன்.

பெரியவர்கள்

முருங்கைத் தண்டில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியைத் தொடாதே என்று சொல்ல எந்தச் செயலியும் தேவைப்பட்டதில்லை. ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் வேட்டுவாளிக் குளவி தானாக வந்து கொட்டாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டை உடைத்தால் உள்ளே மயங்கிய சிலந்திகளாக இருக்கும். குஞ்சுக்கு வைத்த உணவு. பழக்கத்தை வைத்து அடையாளம் சொல்வதில் இவர்களை மிஞ்ச முடியாது.

சறுக்குவது ஓர் இடத்தில், அது முக்கியமான இடம். காலையில் எழுந்து பார்த்தால் கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிச்சலோடு கொப்புளம் இருக்கும். பெரியவர்கள் சிலந்தி மேல் பழி போடுவார்கள், அல்லது அக்கி என்று காவியால் எழுத அழைத்துப் போவார்கள். மழைக்காலத்தில் இதற்குக் காரணம் பல நேரம் பீடரஸ் வண்டு. சிலர் ஆசிட் பூச்சி என்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும், எறும்பு போல ஒல்லி, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், நடுவில் கருநீல நிறத்தில் குட்டை இறக்கை மூடி. டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடல் திரவத்திலுள்ள பீடரின் என்ற நச்சு படும். கொப்புளம் ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியும். மருத்துவர்கள்கூட முதல் பார்வையில் அக்கியோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு.

தெளிவான படம் கொடுத்தால் லென்ஸே இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் படம் எங்கே இருக்கிறது? தூக்கக் கலக்கத்தில் அடித்தாயிற்று. வீட்டில் உண்மையிலேயே தொந்தரவு தரக்கூடிய பூச்சி இது, இதற்கு எந்தச் செயலியும் நேரத்துக்கு உதவாது. முன்கூட்டியே உருவத்தை மனதில் வைத்திருப்பதுதான் வழி. மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றி வெளியே போடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் இருங்கள். கொப்புளம் பெரிதானால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

படம்

எந்த வழியாக இருந்தாலும் படம் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, சிலந்தி என்றால் முகத்துக்கு நேராக ஒன்று. கண்கள் அமைந்திருக்கும் விதம்தான் குடும்பத்தைச் சொல்லும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு புரியும். செடியையும் சேர்த்து எடுங்கள். தேனீயா, தேனீ வேஷம் போட்ட ஈயா என்று சந்தேகம் வந்தால் இறக்கை தெரிகிற படம் வேண்டும்: ஈக்கு ஒரு ஜோடி, தேனீக்கு இரண்டு.

வளர்த்துப் பார்ப்பது

புழுக்களுக்கு மட்டும் இந்த எல்லா வழிகளையும் தோற்கடிக்கும் பழைய வழி ஒன்று உண்டு. கறிவேப்பிலை, எலுமிச்சையில் சின்ன வயதில் பறவை எச்சம் போலவும் வளர்ந்தபின் பச்சையாகவும் இருக்கும் புழுவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்றும் சொல்லலாம், காமன் மார்மன் என்றும் சொல்லலாம். புழுவில் இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டி நாற்றம் விடுவதும் இரண்டுக்கும் பொது. காற்றோட்டமுள்ள டப்பாவில் ஒரு குச்சியோடு வைத்து, தினமும் புது இலை போடுங்கள். கூட்டுப்புழுவான பிறகு நம் ஊர் வெயிலில் பத்து நாள் வாக்கில் வெளியே வந்துவிடும். பின்னிறக்கையில் வால் இருந்தால் மார்மன், இல்லாவிட்டால் எலுமிச்சை. எப்போதாவது பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குட்டிக் குளவிகள் கும்பலாக வெளியே வரும். அவற்றின் பெயர் வேண்டுமென்றால் ஐநேச்சுரலிஸ்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். வருடக்கணக்கில் கிடக்கும் என்று சொன்னேனே, அந்த வரிசையில்.