டைம் ட்ரயல் சைக்கிளை மாற்றக் கொடுத்து நான் பட்ட பாடு

வெளிநாட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன டைம் ட்ரயல் சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டு விறாந்தையில் நின்றால், அதை வீதியில் சாதாரணமாக ஓடுகிற ரோட் சைக்கிளாக மாற்றும் எண்ணமும் இருந்தால், யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலாவது காசு கொடுக்க முன் இதை ஒருக்கா வாசியுங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்தது இதுதான்.

சைக்கிள் என் மச்சானுடையது. சுவிஸில் போட்டிகளுக்கு ஓடியவன். கார்பன் பிரேம், பின்னுக்கு 10 பல்லுச்சக்கரம். "சும்மா தூசி பிடிக்குது, நீ வைச்சு ஓடு" என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் சைக்கிளுக்குத் திரும்பியவன் நான். வேலைக்கு என் லுமாலா சைக்கிள், ஞாயிறு விடிய நாலைந்து பேராகக் காரைநகர் வரை ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு இது உதவும் என்று நினைத்தேன்.

டைம் ட்ரயல் சைக்கிள் என்பது தனி ஆளாக நேரத்தோடு போட்டி போடுவதற்குச் செய்தது. நடுவில் முன்னோக்கி நீட்டிய இரண்டு கம்பி. முழங்கையை அதன் பஞ்சுப் பட்டையில் ஊன்றிக் கவிழ்ந்து ஓட வேண்டும். கியர் மாற்றும் லீவர் அந்தக் கம்பி நுனியில், பிறேக் லீவரோ வெளி ஹாண்டிலில். 1989இல் டூர் டி பிரான்ஸ் என்ற பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் போட்டியின் கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமோண்ட் இந்த மாதிரிக் கம்பியைப் பூட்டிக்கொண்டு 24.5 கிலோமீற்றர் ஓடி, 50 செக்கன் பின்னால் நின்றவர் 8 செக்கனால் வென்றார். அது அவருக்காக மறித்து வைத்த வீதி. திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் ஓட்டோவும் மாடும் ஒன்றாகக் குறுக்கே வரும்போது, கம்பியை விட்டுப் பிறேக்குக்குக் கையை மாற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் வளைந்த ஹாண்டில் போட்டு, பிறேக்கும் கியரும் ஒரே லீவரில் வருமாறு மாற்றக் கொடுத்தேன்.

கடைக்காரர் வயதானவர், நல்ல வாய். "யோசியாதேங்கோ தம்பி, இது மாதிரி எத்தனை செய்திட்டன். மூண்டு நாளில வந்து எடுங்கோ" என்றார். புது 10 கியர் லீவர்ச் சோடி, ஹாண்டில், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். 25,000 முற்பணம். நான் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "ஹாண்டிலை எவ்வளவு உயர்த்தலாமோ அவ்வளவு உயர்த்துங்கோ அண்ணை, எனக்கு நாரி பிடிக்கும்." தலையாட்டினார். பில்லில் ஒரே வரி: 'ரோட் செற் மாற்றம்'. அந்த ஒரு வரியை நான் ஏற்றுக்கொண்டு வந்ததுதான் முதல் பிழை. என்ன சாமான், எந்த மொடல், புதிதா பாவித்ததா, ஒன்றுமே அதில் இல்லை.

மூன்று நாள் மூன்று கிழமை ஆனது. எடுக்கப் போனபோது வெள்ளை ரேப் சுற்றி வடிவாகத்தான் நின்றது. மிச்சக் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் நாளே கியர் நடுவில் இடறியது. இரண்டு பல்லுச்சக்கரத்துக்கு நடுவில் செயின் நின்று கரகரத்தது. போன் எடுத்தால், "புதுக் கேபிள் தம்பி, கொஞ்சம் இழுபடும், பிறகு சரியாகும்." இரவு விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு லீவரை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினேன். எட்டுச் சொடுக்குத்தான். 10 கியர் லீவர் என்றால் ஒன்பது சொடுக்கு இருக்க வேண்டும். எட்டு என்றால் அது 9 கியர் லீவர். ஒரு சொடுக்குக்கு அது இழுக்கிற கேபிளின் அளவே வேறு. எவ்வளவு முறுக்கித் திருத்தினாலும் ஒரு பக்கம் சரிவந்தால் மறுபக்கம் பிழைக்கும். லீவரின் ரப்பரைப் பின்னுக்கு உருட்டிப் பார்த்தேன். உள்ளே பழைய வியர்வை உப்பும் துருவும். புதுச் சாமானின் காசு வாங்கிப் பாவித்ததைப் பூட்டியிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் காசு போனது என்று விட்டிருப்பேன். அடுத்த ஞாயிறு நடந்தது வேறு.

காரைநகர் போகிற வழியில் இருக்கிற பொன்னாலைப் பாலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர், சோளகம் அடிக்கிற காலத்தில் ஆளையே தள்ளும். அன்று காற்று பின்னுக்கு வாய்த்தது, நல்ல வேகம். முன்னால் போன மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. இரண்டு பிறேக்கையும் இறுக்கினேன். 'டப்' என்று ஒரு சத்தம், வலது லீவர் தோல்வாரைப் போல ஹாண்டில் வரை வந்து ஒட்டியது. மற்றப் பிறேக் பிடித்தபடியால் வழுக்கி வழுக்கி மோட்டார் சைக்கிளின் நம்பர் தகட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். ஓட்டியவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. கேட்காததும் நல்லது.

கேபிளின் வெளிக்குழாய், நாங்கள் அவுட்டர் என்கிறது, ஸ்டெம், அதாவது ஹாண்டிலைப் பிடிக்கிற கட்டை, அதன் ஓரம் வளையும் இடத்தில் வெடித்திருந்தது. உள்ளே நீட்டுவாட்டில் மெல்லிய கம்பிகள் விளக்குமாறு மாதிரி விரிந்து நின்றன. அது கியர் அவுட்டர். பிறேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், தடிப்பு 5 மில்லிமீற்றர், அழுத்தத்தைத் தாங்கும். கியர் அவுட்டரில் கம்பி நீளப்பாட்டுக்கு ஓடும், 4 மில்லிமீற்றர். பிறேக்கை இறுக்கும் விசை அதற்குள் போனால் ஒருநாள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தெரியாமல் செய்தாரா, கையில் கிடந்ததை வெட்டிப் போட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் விழ இருந்தது நான்தான். வெட்டிய நுனியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், சுருளா நீட்டா என்று. உங்கள் சைக்கிளிலும் ஒருக்கா பாருங்கள்.

அன்று பின்னேரம் மச்சானுக்கு வீடியோ கோல் எடுத்தேன். "மேல் மூடியைக் கழற்றி உள்ளுக்கு டோர்ச் அடிச்சுக் காட்டு" என்றான். காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முன் சில்லைப் பிடிக்கிற போர்க்கின் தண்டு, மேலே ஹாண்டில் பூட்டுகிறது, அதுவும் கார்பன். அதற்குள் விரிந்து பிடிக்கிற ஒரு பிளக் இருந்ததாம். அதைக் கழற்றிவிட்டு, இரும்புத் தண்டுக்குப் போடுகிற நட்சத்திர நட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். அதன் பற்கள் கார்பன் சுவரைக் கீறிக்கொண்டே இறங்கியிருக்கின்றன. அதோடு, மச்சான் 3 சென்ரிமீற்றர் வளையம் வைத்து ஹாண்டிலை உயர்த்தியிருந்த தண்டை வாளால் அறுத்துக் கட்டையாக்கியும் விட்டார்கள். அறுத்த வாய் கிழிந்த பாய் ஓரம் மாதிரி நார் நாராக நிற்கிறது. நான் உயர்த்தச் சொன்ன ஹாண்டில் இனி எந்தக் காலத்திலும் உயராது. அந்தப் போர்க்கை இனி நம்பி ஓடவும் முடியாது.

சொல்ல வேண்டிய இன்னொன்று, அதில் என் பங்கும் இருக்கிறது. இந்தச் சைக்கிளில் சீற்றுக்குழாய் 76 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும், ரோட் சைக்கிளில் 73 பாகை அளவு. ஹாண்டிலை மட்டும் மாற்றினால் உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். சீற்றைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், கட்டை ஸ்டெம் போட வேண்டும், அப்படியும் பாதிதான் சரிவரும். "எத்தனை செய்திட்டன்" என்றவர் இதில் ஒரு சொல்லுக்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைக்குப் போனேன். வெடித்த அவுட்டரை மேசையில் வைத்தேன். "வெயிலுக்குப் பழுதாகியிருக்கும்" என்றார். வெயில் பட்டது பத்து நாள். தண்டை ஏன் வெட்டினீர்கள் என்றதற்கு, "மேல நீட்டிக்கொண்டு நிண்டது தம்பி, வடிவில்லை." முழங்கை ஊன்றுகிற அந்தப் பழைய கம்பியையும் கியர் லீவரையும் தாருங்கள் என்றேன். அது மச்சானின் காசில் நல்ல விலை. "அதை ஆர் வைச்சிருக்கிறது, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு." கார்பன் கம்பியை எந்தப் பழைய இரும்புக்காரன் வாங்குவான்? இரண்டு கிழமை கழித்து விற்பனைக் குழு ஒன்றில் அதே கம்பியின் படத்தைப் பார்த்தேன். இடது பட்டையில் மச்சான் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி அப்படியே இருக்கிறது. படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன், கையில் இருக்கிற ஆதாரம் அதுவும் அந்த ஒற்றை வரிப் பில்லும்தான்.

கடைசியாக அவர் சொன்னது: பிறேக் அவுட்டர் இரண்டையும் மாற்றித் தருவாராம், எனக்காக 3,000 ரூபாய்க்கு. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் பழைய இடத்திலேயே விட்டேன். மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பாவித்த போர்க் ஒன்று தேடிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். இந்த ஞாயிறும் காரைநகருக்கு லுமாலாவில்தான் வெளிக்கிடுகிறேன்.