பனிக்காலத்தில் டிரெய்லரை பிளக்கிலேயே விடலாமா?

கனடாவில் அக்டோபரில் ஓரங்கட்டும் கேம்பர் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) மே மாதம்தான் மறுபடி வெளியே வரும். அதுவரை பேட்டரியைக் காப்பாற்ற என்ன வழி? கரண்ட் இணைப்பிலேயே விடலாம், கழற்றி உள்ளே வைக்கலாம், கூரை சோலாரை நம்பலாம்.

பிளக்கில் விடுவது சரியா என்பது உங்கள் கன்வெர்ட்டரை, அதாவது வெளிக் கரண்டை மாற்றி பேட்டரிக்கு ஏற்றும் டிரெய்லர் கருவியைப் பொறுத்தது. பழைய வகை, பேட்டரி நிரம்பிய பிறகும் 13.6 வோல்ட் அளவிலேயே விடாமல் ஏற்றிக்கொண்டிருக்கும். சாதாரண ஈய-அமில பேட்டரியில் தண்ணீர் மெல்ல வற்றும். உள்ளே தகடு வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி வீண்தான். பல கட்டமாக ஏற்றும் புது வகை, சில நாளில் 13.2 வோல்ட் வாக்கில் இறங்கி நிற்கும். மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்தாலே தெரிந்துவிடும். இறங்கினால் தைரியமாக விடலாம். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். வீட்டின் 15 ஆம்ப் பிளக்கில் அடாப்டர் போட்டு இணைத்தால் சார்ஜுக்கு அது போதும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டாம், சூடாகும்.

கன்வெர்ட்டர் பழசா? யோசிக்காமல் கழற்றுங்கள். கராஜில் ஒரு சின்ன மெயின்டெய்னர் சார்ஜரில் (பேட்டரியை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும் சார்ஜர்) மாட்டிவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. எனக்குப் பிடித்த வழி இதுதான். சிரமமெல்லாம் அந்தக் கனத்தைத் தூக்குவது மட்டுமே.

இரண்டும் செய்யாமல் அப்படியே விடுவதுதான் ஆபத்து. எல்லாவற்றையும் அணைத்தாலும் கேஸ் டிடெக்டர் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 0.1 ஆம்ப் என்றாலும் ஒரு நாளைக்கு 2.4 ஆம்ப்-அவர், 100 ஆம்ப்-அவர் பேட்டரி மூன்று வாரத்தில் பாதி காலி. சில டிரெய்லர்களில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்சைப் போட்டாலும் டிடெக்டர் அணையாது. அதனால் நெகட்டிவ் கம்பியையே கழற்றிவிடுவது நல்லது. முழுதாக ஏறிய பேட்டரி மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். காலியானது மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து ஓடு விரிசல் விடும்.

சோலாரா? பனி மூடிய பேனலில் ஒன்றும் வராது. கூரையை அடிக்கடி தட்டிவிட ஆள் இருந்தால் சரி.

லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கே வேறு. அதைப் பிளக்கில் விடவே வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். பாதிக்குக் கொஞ்சம் மேல் சார்ஜில் நிறுத்தி, கம்பியைக் கழற்றி, உள்ளே வையுங்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.