ஓனிக்ஸ் எழுத்துரு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மகளின் அரங்கேற்ற அழைப்பிதழில் ஆங்கிலத் தலைப்பை ஓனிக்ஸ் எழுத்துருவில் அமைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நூல் அட்டைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதால், விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1937இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெர்ரி பவல் வரைந்தது இது. முரட்டுத்தனமான ஸ்டென்சில் எழுத்துருவையும் அதே ஆண்டில் அவரே வரைந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இத்தாலிய அச்சாளர் போதோனியின் மரபுக்குரிய கனத்த தண்டுகளும் மயிரிழைக் கோடுகளும் ஓனிக்ஸில் மிகக் குறுகிய அகலத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. வேறு எழுத்துருவில் மூன்று வரியாக உடையும் நீண்ட தலைப்பு, இதில் அட்டையின் அகலத்தை நிறைத்துக்கொண்டு ஒரே வரியில் உயர்ந்து நிற்கும். 72 பாயிண்ட் எழுத்தளவுக்கு மேல் இதன் கம்பீரத்துக்கு ஈடாக நான் வேறொன்றைக் கண்டதில்லை.

அளவைக் குறைத்தால்தான் தொல்லை. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவும் தனித்தனியாக உருவானதால், சிறிய அளவுகளில் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிமனாக விட முடிந்தது. கணினியில் நமக்குக் கிடைப்பதோ ஒரே வரைவு. 96 பாயிண்டிலிருந்து 24க்கு இறக்கினால் மயிரிழையும் நான்கில் ஒரு பங்காக மெலிகிறது. அடர்நிறப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம். படத்தின் நான்கு வண்ணங்களைத் தனித்தனியே அச்சிடும் தகடுகளில் ஒன்று இம்மியளவு விலகினாலும், அந்த வண்ணம் மயிரிழைக்குள் புகுந்து அதை மூடிவிடும். ‘எச்’ எழுத்தின் குறுக்குக் கோடு மறைந்து இரண்டு ‘ஐ’களாகிறது; ‘என்’, ‘எம்’, ‘யு’ எல்லாம் வெறும் வேலிக் கம்புகளாக நிற்கின்றன. அண்மையில் ஒரு கண்காட்சிக் கையேட்டின் துணைத்தலைப்புகள் இப்படிப் பாழாகி, முழுவதையும் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. அச்சகத்தாரை நான் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு மெல்லிய கோட்டை எந்த ஆஃப்செட் இயந்திரத்திடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. ஹார்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்த டிடோ எழுத்துரு, அளவுக்கேற்ற ஏழு வடிவங்களில் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் போதோனி மோடா எழுத்துருவில் 6 முதல் 96 பாயிண்ட் வரை கோட்டின் தடிமனை அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஓனிக்ஸுக்கு அந்த வசதி எதுவும் வாய்க்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இவ்வளவு அழகான வரைவுக்கு யாரேனும் அந்த உழைப்பைச் செலவிட்டிருக்கலாம்.

எனவே, இத்தனை புகழ்ந்த பிறகும், நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அழைப்பிதழ் சிறியது, அதையும் அவர் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிடப் போகிறார், அதில் மயிரிழைகள் துண்டு துண்டாக அறுபடும். போதோனி மோடாவைச் சிறிய அளவுக்கான தடிமனில் வைத்துக்கொள்ளட்டும். அது ஓனிக்ஸைவிட அகலமானது. தலைப்பு இரண்டு வரிக்குப் போகும், போகட்டும்.