லிப்ரே என்எம்எஸ்: எந்த வயர் எங்கே போகுதுன்னு ஸ்விட்ச்சே சொல்லட்டும்

நெட்வொர்க் கண்காணிப்புக்கு என்ன மென்பொருள் போடலாம் என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்கள் இடத்தின் கேபிள் வரைபடம் கையில் இருக்கிறதா, இருந்தால் அதை நம்புகிறீர்களா? முதல் பாதிக்கு ஆமாம் என்பவர்கள் நிறைய. இரண்டாவது பாதிக்கு ஆமாம் என்றவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். அட்மின் பிளாக், லேப், நூலகம், இரண்டு ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் சேர்த்து ஸ்விட்ச் (நெட்வொர்க் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) நூற்றுக்கு மேல். மூன்று கம்பெனி சரக்கு கலந்து கிடக்கிறது. அந்தந்த வருஷ டெண்டரில் எது மலிவோ அது. வேலையை முடித்துவிட்டுப் போன கான்ட்ராக்டர் கொடுத்த ஏ3 வரைபடம் சர்வர் ரூம் கதவில் லேமினேட் போட்டு ஒட்டியிருக்கிறது. கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி அழகு. அதை நம்பி இறங்கினால் பாதி நாள் போய்விடும். லிப்ரே என்எம்எஸ் போட்டதற்குக் காரணமே அதுதான். சிபியு எவ்வளவு, டிராஃபிக் எவ்வளவு என்ற கிராஃப் எல்லா மென்பொருளும் காட்டும். எனக்கு வேண்டியிருந்தது எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற விவரம். அதனால் இந்த மதிப்புரையில் மேப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

லிப்ரே என்எம்எஸ் 2013-இல் அப்சர்வியம் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள். லைசென்ஸ் காசு கிடையாது. உபுண்டுவில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும். நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆவணத்தில் உள்ளபடி வரிவரியாகப் போனால் வந்துவிடும். அப்டேட்டை மட்டும் ஆரம்பத்திலேயே கவனியுங்கள். தானாக விட்டால் தினமும் புது நிரலை இழுத்துக்கொள்ளும். மாதாந்திர வெளியீட்டுக்கு மாற்றி வைத்தால் நிம்மதி.

இனி மேப். இதில் மந்திரம் எதுவும் இல்லை. 2005-இல் 802.1ஏபி என்று தரநிலையான எல்எல்டிபி என்ற அறிமுக நெறிமுறைதான் அடிப்படை. ஒவ்வொரு ஸ்விட்ச்சும் வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு போர்ட்டிலும் 'நான் இன்னார், இது என் இன்ன போர்ட்' என்று சொல்லும். பக்கத்து ஸ்விட்ச் அதைக் கேட்டு 120 வினாடி ஞாபகத்தில் வைத்திருக்கும். சிஸ்கோவின் சிடிபியும் இதே வேலைதான், 60 வினாடியும் 180 வினாடியுமாக. லிப்ரே என்எம்எஸ் ஒவ்வொரு ஸ்விட்ச்சிடமும் எஸ்என்எம்பி (சாதனங்களிடம் விவரம் கேட்கும் நெறிமுறை) வழியாகப் போய் 'உன் பக்கத்தில் யார்?' என்று விசாரித்து, பதில்களைச் சேர்த்துக் கோடு போடுகிறது. ஆக, ஸ்விட்ச்சுகள் ஒன்றோடொன்று பேசினால்தான் மேப். சிஸ்கோ கேட்டலிஸ்ட்டில் சிடிபி ஆன் ஆகித்தான் வரும், எல்எல்டிபியை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். கலப்புச் சரக்கு இருக்கும் இடத்தில் இதைச் செய்யாமல் மேப்பைத் திறந்தால், ஆளுக்கொரு தீவாக மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு 'மென்பொருள் சரியில்லை' என்று தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அது மென்பொருள் தப்பில்லை.

பெயர் வைப்பதும் அப்படித்தான். பக்கத்து ஸ்விட்ச் சொன்ன பெயரை வைத்துத்தான் அது எந்தச் சாதனம் என்று லிப்ரே அடையாளம் காண்கிறது. ஃபேக்டரியிலிருந்து வந்த அதே பெயரோடு இருபது ஸ்விட்ச் இருந்தால் பாவம் அது என்ன செய்யும்? பிளாக், மாடி, ரேக் எண் வருகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்த பிறகுதான் எங்கள் ஹாஸ்டல் பக்கம் மேப்பில் உருப்படியாகத் தெரிய ஆரம்பித்தது.

முதல் தடவை மேப்பைத் திறந்தவுடன் பயந்துவிடாதீர்கள். கொட்டி வைத்த இடியாப்பம் மாதிரி இருக்கும். இரண்டு வகைத் தகவலை அது ஒன்றாகக் கலந்து போடுவதுதான் காரணம்: ஒன்று எல்எல்டிபி, சிடிபி சொன்னது, இன்னொன்று ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு, அதாவது வன்பொருள் முகவரிக்கு, என்ற பட்டியல்) உள்ள மேக் முகவரியை வைத்து ஊகித்தது. ஏஆர்பியில் ஒருவரையொருவர் தெரியும் என்பதற்காக நடுவில் வயர் இருக்கிறது என்று அர்த்தமில்லையே. நெட்வொர்க் மேப் அமைப்பில் மேக் என்பதை எடுத்துவிட்டு எக்ஸ்டிபியை (எல்எல்டிபி, சிடிபி இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர்) மட்டும் விடுங்கள். முக்கால்வாசிக் குப்பை போய்விடும், மிஞ்சுவது நிஜமான வயர்.

இந்த மென்பொருள் மேல் எனக்கு மரியாதை வந்த இடம் நூலகம். கதவில் ஒட்டிய வரைபடத்தில் கோர் எனும் மைய ஸ்விட்ச்சிலிருந்து நூலகத்துக்கு நேர்க்கோடு. லிப்ரேயில் நூலக ஸ்விட்ச்சின் 'நெய்பர்ஸ்' பக்கத்தைத் திறந்தால், 24-ஆவது போர்ட் ஒன்றிலேயே இரண்டு பக்கத்துக்காரர்கள். ஒன்று கோர், இன்னொன்று கேன்டீன் ஸ்விட்ச். ஒரு போர்ட்டில் ஒரு வயர்தானே போகும், எப்படி இரண்டு பேர்? நடுவில் எஸ்என்எம்பி, எல்எல்டிபி எதுவும் தெரியாத ஒரு டப்பா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்எல்டிபி பாக்கெட்டை எந்த ஸ்விட்ச்சும் தன்னைத் தாண்டி விடக்கூடாது என்பது விதி. எந்த அமைப்பும் செய்ய முடியாத மலிவான அன்மேனேஜ்டு டப்பாக்கள் அந்த விதியெல்லாம் பார்ப்பதில்லை, வந்ததை எல்லா வாசலிலும் வாரி இறைக்கும். அதனால் டப்பாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாம் நேராகக் கைகோத்து நிற்பதுபோல் தெரியும்.

எலெக்ட்ரிகல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் ஓட்டைத் தூக்கிப் பார்த்தவர், "தம்பி, இங்கொரு டப்பா கண்ணைக் கண்ணைச் சிமிட்டிட்டுக் கிடக்குதுங்க" என்றார். எட்டு போர்ட். சமையல் புகை படிந்து பிசுபிசுவென்று இருந்தது. பவர் அடாப்டர் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இழுத்த பிளக் பாயின்ட்டில். "ஃபேன் சுச்சை ஆஃப் பண்ணுனா இதுவும் ஆஃப்புங்க" என்று அவரே சொல்லிவிட்டார். சாயங்காலம் கேன்டீன் மூடினால் நூலகத்தில் நெட் போகும் ரகசியம் அதுதான். லேமினேட் போட்ட வரைபடத்தில் கேன்டீன் பக்கம் கோடே கிடையாது.

குறைகள் இல்லாமல் இல்லை. பக்கத்துக்காரர் விவரம் புதுப்பிக்கப்படுவது டிஸ்கவரி என்ற தேடல் ஓடும்போதுதான். அது வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் போலிங் போர்ட் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்லும். வயரை இடம் மாற்றிக் குத்தியதைச் சொல்லாது. ரேக்கில் வேலை செய்த கையோடு அந்தச் சாதனத்துக்கு மட்டும் டிஸ்கவரியை நாமே ஓட்டிவிட வேண்டும். அடுத்தது, தானாக வரையும் மேப்பில் நாம் நினைத்த இடத்தில் எதையும் நிறுத்தி வைக்க முடியாது. இழுத்து ஒழுங்குபடுத்தி வைத்தாலும் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பழைய கதை. ஐம்பது அறுபது சாதனம் தாண்டினால் மொத்த மேப்பைப் பார்ப்பதே வீண். பிளாக் வாரியாக டிவைஸ் குரூப் போட்டு, குரூப் குரூப்பாகப் பார்ப்பதுதான் வழி.

ஐபி போன் இருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை. போன்களும் எல்எல்டிபி பேசும், ஒவ்வொன்றும் பக்கத்துக்காரர் பட்டியலில் வந்து உட்காரும். தானாகச் சேர்க்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் அவற்றையும் சாதனமாகச் சேர்க்கப் பார்க்கும். பெயரை வைத்தோ விவரத்தை வைத்தோ விலக்கிவிட அமைப்பு இருக்கிறது. முதலிலேயே போட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் வேறு இடத்தில். வயர் எது எங்கே போகிறது என்று இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற மென்பொருள், எது விழுந்தால் எதெல்லாம் விழும் என்பதைத் தானாகக் கணக்குப் போடுவதில்லை. 'டிவைஸ் டிபென்டன்சி' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் பேரன்ட் (மேலே இருந்து அதற்கு இணைப்புத் தரும் ஸ்விட்ச்) யார் என்று நாம் சொல்லித்தர வேண்டும். சொல்லிவிட்டால் அருமையாக வேலை செய்யும். பேரன்ட் எல்லாம் விழுந்திருந்தால் கீழே இருப்பவற்றுக்கு அலர்ட் வராது. ஹாஸ்டல் பிளாக்கில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் படுத்த ராத்திரியில் ஒரே ஒரு மெசேஜ் வந்தது, அந்தப் பிளாக்குக்கே இணைப்பைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூஷன் ஸ்விட்ச் பெயரோடு. முன்பெல்லாம் மாடிக்கு மாடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தும். இரண்டு கோர் இருந்தால் இரண்டையும் பேரன்ட்டாகக் கொடுங்கள்; இரண்டும் விழுந்தால்தான் பிள்ளைகளை அடக்கும்.

நூறு ஸ்விட்ச்சுக்கு இதைக் கையால் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. ஏபிஐ-இல் (ஸ்கிரிப்ட் மூலம் மென்பொருளோடு பேசும் வழி) எல்லா லிங்க்கையும் ஒரே அடியாக வாங்கலாம், பேரன்ட்டையும் ஏபிஐ வழியாகவே வைக்கலாம். கோரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அடுக்காக இறங்கி, யார் மேலே யார் கீழே என்று கண்டுபிடித்து எழுதிவிடும் ஒரு சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டுக்கொண்டேன். இதை மென்பொருளுக்குள்ளேயே ஒரு பட்டனாக வைத்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

2024-இல் சேர்ந்த கஸ்டம் மேப் நன்றாக வந்திருக்கிறது. முன்பு டிராஃபிக்கைப் படமாகக் காட்ட வெதர்மேப் ப்ளக்இன்னோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இப்போது உள்ளேயே படத்தைப் பின்னணியாகப் போட்டு, சாதனங்களை அந்தந்த இடத்தில் வைத்து, நடுவில் கோடு இழுத்து, எந்தப் போர்ட் என்று சொன்னால் போதும். டிராஃபிக்குக்கு ஏற்றபடி கோட்டின் நிறம் மாறும். போகிறது பாதி, வருகிறது பாதி என்று ஒரே கோட்டில் இரண்டு நிறம். பிரின்சிபல் அறை டிவியில் ஓடுவது இதுதான். ஆனால் இது கையால் வரைவது. நாளைக்கு வயர் மாறினால் இதுவும் கதவில் ஒட்டிய காகிதம் மாதிரி பழசாகிவிடும். காட்டுவதற்குக் கஸ்டம் மேப், கண்டுபிடிப்பதற்குத் தானாக வரும் மேப் என்று பிரித்து வைத்துக்கொள்கிறேன்.

மற்ற கண்காணிப்பு மென்பொருள்களோடு ஒப்பிட்டால்? ஜாபிக்ஸில் மேப் கையால் வரைய வேண்டும். ஆனால் கோட்டில் டிரிகரை (எப்போது பிரச்சினை என்று சொல்லும் நிபந்தனை) கட்டி, பிரச்சினை வந்தால் நிறம் மாற்றுவது அங்கே இன்னும் நுணுக்கமாக இருக்கும். சர்வர், டேட்டாபேஸ் பக்கம் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு ஜாபிக்ஸ்தான் பொருத்தம். பிஆர்டிஜியின் மேப் டிசைனர் மூன்றிலும் வழவழப்பு. 100 சென்சார் (கண்காணிக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு சென்சார்) வரை இலவசம். ஒரு போர்ட்டுக்கு ஒரு சென்சார் என்று போட்டால் நான்கைந்து ஸ்விட்ச்சிலேயே அந்த நூறு தீர்ந்துவிடும். நம்ம ஜோஹோவின் ஆப்மேனேஜரில் ஒரு சாதனத்தைத் தொடக்கமாகக் கொடுத்தால் அங்கிருந்து லேயர் 2 மேப்பை (ஸ்விட்ச் போர்ட் அளவிலான இணைப்புப் படம்) அதுவே போடும். பட்ஜெட் இருக்கிற இடத்தில், பிரச்சினை என்றால் போன் போட்டுக் கேட்க ஆள் வேண்டும் என்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

சர்வர் பக்கம் லிப்ரேயிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸ் சர்வரில் எல்எல்டிபி பேசும் எல்எல்டிபிடி மென்பொருளைப் போட்டு எஸ்என்எம்பியோடு இணைத்தால் எந்தச் சர்வர் எந்த ஸ்விட்ச் போர்ட்டில் என்பது வரை வரும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரின் உள் ஸ்விட்ச், ஸ்டாண்டர்டு ஸ்விட்ச்சாக இருந்தால் சிடிபி மட்டும்தான். எல்எல்டிபிக்கு டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் வேண்டும். எந்த அப்ளிகேஷன் எந்த டேட்டாபேஸை நம்பி ஓடுகிறது என்பதெல்லாம் இந்த மேப்பில் கிடைக்காது. அட்மிஷன் சாஃப்ட்வேர் ஏன் நிற்கிறது என்று கேட்டால் லிப்ரேயிடம் பதில் இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இணையம் தருகிற கம்பெனி பக்கம் போகும் போர்ட்டில் எல்எல்டிபியை அணைத்து வையுங்கள். நம் ஸ்விட்ச் மாடலும் வெர்ஷனும் வெளியாளுக்கு எதற்கு? எஸ்என்எம்பியும் வெர்ஷன் 3-ஆக இருக்கட்டும். 'பப்ளிக்' என்ற பாஸ்வேர்டோடு இன்னும் எத்தனையோ கல்லூரி ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த டெண்டரில் ஸ்விட்ச் வாங்கும்போது ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு வரி சேருங்கள்: எல்எல்டிபி பக்கத்துக்காரர் பட்டியலை எஸ்என்எம்பி வழியாகத் தர வேண்டும். சில மலிவு ஸ்மார்ட் ஸ்விட்ச்சுகள் தங்கள் வெப் பக்கத்தில் மட்டும் பட்டியலைக் காட்டும், எஸ்என்எம்பியில் கேட்டால் வாயே திறக்காது. 'எஸ்என்எம்பி இருக்கு சார்' என்று டீலர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஒரு டெமோ பீஸ் வாங்கி, லிப்ரேயில் சேர்த்து, நெய்பர்ஸ் பக்கத்தில் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.