லாங் பிராஞ்ச் லீ-என்ஃபீல்ட்: பல வருடம் வைத்திருந்ததில் தெரிந்தவை

என்னிடம் உள்ள லீ-என்ஃபீல்ட் (பிரித்தானிய, கனடியப் படைகளின் பழைய துவக்கு) நம்பர் 4 மார்க் 1* வகை றைபிள்; 1943இல் கனடாவின் லாங் பிராஞ்ச் ஆயுத ஆலையில் செய்தது. ஆலையின் பரிசோதனைக் கட்டடம் இன்னும் மிசிசாகாவில் நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். உரிமம் எடுத்து இதை வாங்கிப் பல வருடமாகிறது.

விற்பவர் முதலில் காட்டுவது துவக்கின் மரக்கட்டையின் பளபளப்பைத்தான். அதில் மயங்க வேண்டாம். மணல்தாள் போட்டு வார்னிஷ் அடித்த கட்டையில் பரிசோதகர் முத்திரைகள் அழிந்திருக்கும், விலையும் இறங்கும். கீறலும் எண்ணெய்க் கறுப்புமாக இருக்கும் பழைய கட்டையே மேல். முன்பகுதியை வெட்டி வேட்டைத் துவக்காக்கியவை கனடாவில் ஏராளம். சுட மட்டும் என்றால் அவையும் சரி.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டுதான் போல்ட். அதன் கைப்பிடியின் அடியில் உள்ள இலக்கம் துவக்கின் உடலில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அப்புறம் போல்ட் தலை, அதாவது போல்ட்டின் முனையில் கழற்றி மாற்றக்கூடிய துண்டு. 0 முதல் 3 வரை இலக்கமிட்ட தலைகள் உண்டு. இலக்கம் கூடினால் நீளமும் கூடும். 3ஆம் இலக்கத் தலை போட்டும், பூட்டிய தலைக்கும் தோட்டா அமரும் அறைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கும் அளவுமானியில் தேறாத துவக்கை நான் தொடமாட்டேன்.

மார்க் 1*க்கே உரிய ஒரு நோய் இருக்கிறது. போர்க்கால உற்பத்தியை எளிதாக்க, போல்ட் தலையைக் கழற்றுவதற்கு அது ஓடும் தடத்திலேயே ஒரு வெட்டு விட்டார்கள். அந்த வெட்டின் விளிம்பு உடைந்திருந்தால், போல்ட்டை வேகமாக இயக்கும்போது தலை தடத்தை விட்டு எகிறிவிடும். படத்தில் இது தெரியாது. நேரில் போய், போல்ட்டைப் பின்னால் இழுத்து, விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குழலுக்குள், குண்டைச் சுழலவிடும் வரிப்பள்ளம் இரண்டே தெரிந்தால் பயம் வேண்டாம், போர்க்காலத்தில் அப்படியும் செய்தார்கள். என்னுடையதும் அதுதான்; 100 மீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழலின் வாய் தேய்ந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

பழைய இராணுவத் தோட்டா சுட்டால் குழலில் உப்பு தங்கும். எண்ணெயில் அது கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். கட்டைக்கு எப்போதாவது ஆளிவிதை எண்ணெய், அவ்வளவே.

அறை தாராளமாக வெட்டப்பட்டிருப்பதால் கோது (சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் வெற்றுக் கூடு) நீண்டு, அடிப்பக்கம் சீக்கிரம் பலவீனமாகும். அதனால் கோதில் மருந்தும் குண்டும் மீள்நிரப்பும்போது அதன் கழுத்தை மட்டுமே அளவுக்குக் கொண்டுவருகிறேன். கடையில் இதற்கான .303 தோட்டா விற்கும் விலைக்கு ஒவ்வொரு கோதும் காசுதான்.