ஹோண்டா சிட்டியின் கியர்பாக்ஸுக்கு டிடபிள்யூ-1 ஆயில்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு

என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியபோது எஞ்சின் ஆயில், பிரேக் பேட், பேட்டரி எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஓடோமீட்டர் 90,000 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பின்னால் நகர்ந்தது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாக மிதித்தபடி சென்றால், சாலையில் யாரோ வரிவரியாக மேடு போட்டுவைத்ததுபோல் ஒரு நடுக்கம் தெரிந்தது. கியர்பாக்ஸ் ஆயிலின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ஃபில்டர் காபியின் முதல் டிகாஷன் நிறத்தில் இருந்தது. கருகிய வாடை இல்லை என்பது மட்டுமே ஆறுதல், ஏனெனில் அந்த வாடை வந்துவிட்டால் உள்ளேயுள்ள கிளட்ச் தகடுகளே தேய்ந்துவிட்டன என்று பொருள். அதன் பிறகு எந்த ஆயிலும் உதவாது.

பணிமனை ஒன்றில் கேட்டபோது, இயந்திரம் வைத்து அழுத்தத்தில் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்றலாம் என்றார்கள். எந்த ஆயிலை ஊற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, “பீப்பாயில் இருக்கிறது, சார், எல்லா வண்டிக்கும் அதுதான்” என்ற பதில் வந்தது. அந்தப் பதிலோடு அங்கிருந்து கிளம்பிவிட்டேன். ஹோண்டாவின் முறை அதைவிட எளிமையானது: கீழேயுள்ள போல்ட்டைக் கழற்றி, ஆயில் தானாக வடியும்வரை விட்டு, மேலிருந்து ஊற்றுவது. அதை நம் வீட்டுப் போர்டிகோவிலேயே செய்துவிடலாம் என்று தோன்றியது.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் பாதி. இந்தத் தலைமுறை வண்டிகளுக்கு முதலில் ஹோண்டா பரிந்துரைத்தது இசட்-1 என்ற ஆயில். பின்னர் அதற்கு மாற்றாக டிடபிள்யூ-1 வந்தது. பழைய வண்டிகளிலும் டிடபிள்யூ-1 ஊற்றலாம், மிச்சமிருக்கும் இசட்-1 உடன் கலந்தாலும் கேடில்லை. சென்னையில் உதிரிபாகம் என்றாலே ஜி.பி. ரோடுதான் என்பதால் அங்கே போனேன். முதல் கடைக்காரர் வேறொரு பொது ஆயிலை எடுத்து வைத்து, “எல்லாம் சிவப்பு ஆயில்தானே, சார்!” என்றார். நிறம் வெறும் சாயம். வேறுபாடு உராய்வில் இருக்கிறது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஒரே மையத்தைச் சுற்றிச் சுழலும் கோள் பற்சக்கரங்கள் இருக்கும். ஹோண்டாவின் இந்தப் பெட்டியிலோ, மேனுவல் வண்டியைப் போல இணைத் தண்டுகளில் பற்சக்கரங்கள் நிற்க, ஒவ்வொரு கியரையும் ஆயிலில் மூழ்கிய கிளட்ச் ஒன்று பிடித்துக்கொள்கிறது. அந்தத் தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது இறுகப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலந்துள்ள சேர்மங்களே தீர்மானிக்கின்றன. என் வண்டியின் நடுக்கத்துக்கும் அந்தச் சேர்மங்கள் தீர்ந்துபோனதே காரணமாக இருக்கலாம் என்று கணித்தேன். அதனால் விலை கூடுதலானாலும் டிடபிள்யூ-1 தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, இரண்டாவது கடையில், மூடியின் சீல் உடையாததையும் எல்லா டப்பாக்களிலும் தயாரிப்பு மாதம் தெளிவாக அச்சிட்டிருப்பதையும் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

எட்டு லிட்டர் வாங்கினேன். கடைக்காரருக்கே அது வியப்பாக இருந்தது, ஏனெனில் ஒரு முறை வடித்தால் வெளியே வருவது சுமார் 2.4 லிட்டர்தான். பெட்டியில் மொத்தம் ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆயில் இருக்கிறது. மீதி, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் குளிர்விப்பான் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு முறை மாற்றினால் உள்ளே சுற்றுவதில் ஏறத்தாழ 42 சதவீதம்தான் புதியது. இரண்டாம் முறைக்குப் பின் அது 66 ஆகவும், மூன்றாம் முறைக்குப் பின் 80 ஆகவும் உயரும். நான்காவது முறை செய்தாலும் 89ஐத் தாண்டாது என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொள்வதே சிக்கனம். ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு வாரம் வழக்கம்போல் வண்டியை ஓட்டினேன். பழையதும் புதியதும் நன்றாகக் கலந்தால்தான் அடுத்த வடிப்புக்குப் பயன் உண்டு.

வேலை கடினமானதன்று, ஆனால் கவனம் தேவை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி இரண்டு ஸ்டாண்டுகளில் தாங்கவிட்ட பிறகே கீழே நுழைந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. கியர்பாக்ஸின் டிரெயின் போல்ட் தலையில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராச்செட்டின் முனை சாக்கெட் இல்லாமலே அதில் நேராகப் பொருந்தும். எஞ்சின் ஆயிலின் போல்ட்டோ அறுகோணத் தலை உடையது. இந்த வேறுபாடு தெரியாமல், எஞ்சின் ஆயில் என்று நினைத்து கியர்பாக்ஸைக் காலி செய்துவிட்டு, நிரம்பியிருக்கும் எஞ்சினில் மேலும் ஊற்றியவர்கள் உண்டு. போல்ட்டின் காந்த முனையில் மைபோன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் ஆயிலை விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடியிருப்பேன். காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, 49 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் மூடினேன். பழைய வாஷரையே மறுபடி போட்டால் சொட்டுச் சொட்டாக ஒழுகும் என்பதை அண்டை வீட்டுக்காரரின் தரை எனக்கு ஏற்கெனவே கற்றுத் தந்திருந்தது.

டப்பாவைப் பற்றி எனக்குக் குறை இருக்கிறது. டிப்ஸ்டிக் நுழையும் துளை வழியாகத்தான் ஊற்ற முடிகிறது. அது எஞ்சின் அறையின் ஆழத்தில், விரல் அகலத்தில் இருக்கிறது. இவ்வளவு விலையுள்ள ஆயிலின் டப்பாவில் நீண்ட மூக்கு எதுவும் இல்லை. மெல்லிய ரப்பர் குழாயை நீள்கழுத்துப் புனலில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக ஊற்ற வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறன்று ஒரு தவறு செய்தேன். வடிந்ததை அளக்காமல் இரண்டரை லிட்டரை முழுதாக ஊற்றிவிட்டேன். வண்டி சூடான பின் பார்த்தால் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. ஆயில் மிகுந்தால் சுழலும் பற்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. ஆகவே சிரிஞ்சில் குழாயை மாட்டி, குழந்தைக்கு மருந்து கொடுப்பதற்கு நேர்மாறாக, 150 மில்லிலிட்டரை உறிஞ்சி எடுத்தேன். அதன் பின் வடிந்ததை அளவுக் குவளையில் அளந்து அதே அளவை ஊற்றினேன். அளவு பார்ப்பதிலும் இந்த வண்டிக்கென்று ஒரு முறை உண்டு. பல நிறுவனங்களின் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அளவு பார்ப்பார்கள். இதிலோ ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 நொடிகளுக்குள் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் நொடி எண்ணிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்த என் மனைவி, இட்லி வேகவைப்பதற்குக்கூட நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்றார்.

பலன் உடனே தெரியவில்லை. முதல் மாற்றத்துக்குப் பின் நடுக்கம் அப்படியே இருந்தது. இரண்டாவதற்குப் பின் ரிவர்ஸ் விழும் தாமதம் மறைந்தது. மூன்றாவது முடிந்த வாரத்தில், தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை அந்த ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை வேண்டுமென்றே பிடித்து ஓட்டியும் நடுக்கம் வரவில்லை. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது முன்பிருந்த சிறு இழுப்பு மட்டும் இன்னும் ஓரளவு இருக்கிறது. பதிமூன்று ஆண்டு ஓடிய தகடுகளிடம் அதற்கு மேல் கேட்பது பேராசை. செலவு, எட்டு லிட்டர் ஆயிலும் மூன்று வாஷரும் சேர்த்து, பணிமனை ஒரே முறைக்குக் கேட்ட தொகையில் பாதிக்குச் சற்று மேல். ஸ்டாண்டு, போல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வாங்கியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை இல்லாதவருக்கு முதல் முறை இலாபம் இராது.

அதே ஆண்டுகளின் பிரியோ ஆட்டோமேட்டிக், 2016க்கு முந்தைய முதல் தலைமுறை அமேஸின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஆகியவையும் இதே வகை ஐந்து கியர் பெட்டி கொண்டவை என்பதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஆயிலைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் 2014இல் வந்த அடுத்த தலைமுறை சிட்டியில் இருப்பது சிவிடி, அதாவது தனித்தனி கியர்களுக்குப் பதிலாக எஃகுப் பட்டை ஓடும் ஆட்டோமேட்டிக். அதற்கு எச்சிஎஃப்-2 என்ற வேறு ஆயில் உண்டு. அதில் டிடபிள்யூ-1 ஊற்றினால் உள்ளேயுள்ள எஃகுப் பட்டை வழுக்கி, கியர்பாக்ஸே மாற்ற வேண்டிய நிலை வரலாம். கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வடித்தெடுத்த ஏழு லிட்டருக்கு மேற்பட்ட பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், அதே காலி டப்பாக்களில் அடைத்து, தெருமுனை மெக்கானிக்கின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்த்தேன். மிஞ்சிய அரை லிட்டருக்கும் சற்றுக் கூடுதலான புது ஆயில் மூடி இறுகி அலமாரியில் இருக்கிறது; இனி 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒரே வடிப்பு போதும் என்பதால், அடுத்த முறை இரண்டு லிட்டர் வாங்கினால் கணக்கு சரியாகும்.