கிளினிக் வாசல்ல நிண்டு "இந்தியாவில ஒப்பரேசன் செய்விச்சுத் தாறன்" எண்டு வாறாக்களிட்ட கவனமா இருங்கோ

மூளையில கட்டி, வலிப்பு எண்டு கிளினிக் போய்வாற ஆக்கள் வீட்டில இருந்தா இதைக் கட்டாயம் வாசியுங்கோ, வாசிக்க ஏலாத வயசானாக்களுக்கு வாசிச்சும் காட்டுங்கோ. எங்களிட்ட ஒருத்தன் 3 லட்சம் வாங்கிக்கொண்டு போட்டான். காசை விடுங்கோ, என்ர மனுசன்ர எம்ஆர்ஐ படமும் பாஸ்போட்டும் அவனோட போட்டுது, அதுதான் இப்ப எங்களை வாட்டுது.

என்ர மனுசன் வயல் செய்யிறவர். போன காலபோக விதைப்பு நேரம்தான் தொடங்கினது. கதைச்சுக்கொண்டு இருக்கேக்க திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டு ஒரு இடத்தையே பாத்துக்கொண்டு இருப்பார், வாய் மட்டும் எதையோ சப்புற மாதிரி அசையும், கூப்பிட்டாலும் கேக்காது, கொஞ்ச நேரத்தில தெளிஞ்சு "என்ன, ஏன் பாக்கிறாய்" எண்டு என்னையே கேப்பார். ஒருநாள் மண்வெட்டியைக் கையில வைச்சுக்கொண்டு அதின்ர பேர் வருகுதில்லை எண்டு நிண்டார். தலையிடி வேற. 2009 சண்டையில செல் குண்டு பட்ட ஆள், துடையில அதின்ர பீஸ் இண்டைக்கும் கிடக்கு, அதால சொந்தக்காரர் எல்லாம் அந்தக்காலத்து யோசினைதான், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டினம். எனக்கு மனம் கேக்கேல்ல. இரவில இவர் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பன், கொஞ்சம் சத்தம் குறைஞ்சாலும் எழும்பி நெஞ்சில கை வைச்சுப் பாப்பன்.

பிறகு வரம்பில விழுந்து கைகால் இழுத்து, 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். சிடி ஸ்கான்ல இடப்பக்கம், காதுக்கு மேலால, அரக்னொயிட் சிஸ்ட் எண்டு வந்தது. டொக்டர் வடிவா விளங்கப்படுத்தினவர். மூளையைச் சுத்தி இருக்கிற அந்தத் தண்ணிதான் ஒரு பை மாதிரித் தேங்கி நிக்குதாம், அநேகமாப் பிறக்கேக்கயே இருக்கிறதாம், கான்சர் இல்லையாம். கனபேருக்கு சாகும்வரைக்கும் ஒண்டும் செய்யாதாம், வேற ஏதுக்கோ ஸ்கான் எடுக்கேக்கதான் தெரியவருமாம். இவருக்கு வலிப்பு அதாலதானோ எண்டதைக்கூட உடன அடிச்சுச் சொல்ல ஏலாது எண்டு, மூளையின்ர மின்னலையைப் பாக்கிற ஈஈஜியும் எடுத்து, குளிசை தொடங்கி, ஆறு மாசத்தால திரும்பப் படம் எடுத்து பழைய படத்தோட வைச்சுப் பாப்பம், வளந்தா இல்லாட்டி மூளையை நெருக்கினா மட்டும்தான் ஒப்பரேசன் எண்டார்.

எம்ஆர்ஐ எடுக்க முன்னம் உடம்பில செல் பீஸ், சன்னம் ஏதும் இருக்கோ எண்டு ரெண்டு மூண்டு பேர் மாறி மாறிக் கேட்டவை. அது பெரிய காந்தம் எண்டபடியா உள்ளுக்க இருக்கிற இரும்பு இழுபடலாம், சூடாகலாம், கண்ணுக்குக் கிட்ட தலைக்குக் கிட்ட எண்டா ஆபத்து. எக்ஸ்ரே எடுத்து, பீஸ் எங்க கிடக்கெண்டு பாத்த பிறகுதான் ஓம் எண்டவை. எங்கட பக்கம் பீஸ் இல்லாத வீடு குறைவு, அதால ஆரும் கேக்காட்டியும் நீங்களாச் சொல்லுங்கோ.

ஆறு மாசம் பொறுக்கச் சொன்னா வீட்டில இருக்கிறவைக்கு எப்பிடி இருக்கும். அந்த இடம் பாத்துத்தான் இவன் பூந்தவன். வாசல்ல தேத்தண்ணிக் கடையில "அக்கா, அண்ணைக்குத் தலையிலயோ வருத்தம்?" எண்டு கதைக்கத் தொடங்கினான், கழுத்தில அட்டை ஒண்டு தொங்குது, ஆஸ்பத்திரி ஆள் எண்டே நினைக்கத் தோணும். இஞ்ச சும்மா வைச்சிருந்து சாகடிச்சுப்போடுவாங்கள், அது வெடிச்சா ஒரு பக்கம் இழுத்துப்போடும், இந்தியாவில ஒரு கிழமையில அலுவல் முடிஞ்சிடும் எண்டான். காப்பை ஈடு வைச்சுக் குடுத்த காசுக்கு ஒரு கொப்பித் தாள்லதான் பில் எழுதித் தந்தவன். மெடிக்கல் விசாவுக்கு எண்டு படம், பாஸ்போட் எல்லாம் ஒறிஜினல் வேணும் எண்டு கொண்டு போனான். அங்க டெஸ்ட் எடுக்க உடம்பில மருந்து இருக்கக்கூடாது, குளிசையை நிப்பாட்டுங்கோ எண்டும் சொன்னவன். நான் நிப்பாட்டேல்ல. வலிப்புக் குளிசையைத் திடீரெண்டு விட்டா விடாம அடுத்தடுத்து வந்து உயிருக்கே மோசமாகலாம் எண்டு டொக்டர் முதல் நாளே சொன்னவர்.

எனக்குச் சந்தேகம் வந்தது அவன் நிரப்பிக் கொண்டுவந்த போமைப் பாத்துத்தான். திரும்ப எம்ஆர்ஐ எடுக்கிறதுக்காம். உடம்பில உலோகம் இருக்கோ எண்ட இடத்தில "இல்லை" எண்டு புள்ளடி போட்டு, கீழ இவற்ற கையெழுத்தையும் அவனே வைச்சிருக்கிறான். கேட்டதுக்கு "இருக்கு எண்டு போட்டா அங்க எடுக்க மாட்டாங்கள் அக்கா" எண்டான். அந்த மிசினுக்குள்ள படுக்கப் போறது என்ர மனுசன், அவன் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கினது.

என்ர சித்தப்பாவின்ர மகள் திருச்சியில இருக்கிறாள், 1990 இல படகில போன குடும்பம். அவன் தந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் போன்ல அனுப்ப, அவள் நேர போய் கவுண்டரில காட்டினாள். அந்தக் கடிதம் தங்கட இல்லை, அந்த நோயாளி இலக்கமும் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். அண்டு பின்னேரமே அவன்ர போன் ஓப். பொலிஸில என்ட்ரி போட்டிருக்கு.

போன கிளினிக்கில டொக்டர் பழைய படத்தைக் கேட்டார். றிப்போட்டின்ர போட்டோ மட்டும் என்ர போன்ல இருந்தது, அதில அளவு இருக்கு, ஆனா படத்தைப் பக்கத்தில வைச்சுப் பாக்காம வளந்திட்டுதோ எண்டு வடிவாச் சொல்ல ஏலாது எண்டார். ஸ்கான் எடுத்த இடத்தில கொம்பியூட்டரில கிடந்தா சீடித் தட்டில அடிச்சுத் தாறம் எண்டிருக்கினம், பாத்துக்கொண்டு இருக்கிறம். வெடிக்குமோ எண்டும் கேட்டன். தலையில பலமா அடிபட்டா அரிதா உடையக்கூடும், சும்மா இருக்க வெடிக்கிறதுக்கு அது பலூன் இல்லை, மரம் ஏறாம, மோட்டச்சைக்கிள் ஓடாம, கிணத்தடிக்குத் தனியப் போகாம இருக்கட்டும் எண்டார்.

வேற டொக்டரிட்டக் காட்ட விருப்பம் எண்டா கிளினிக்கிலயே கேளுங்கோ, கொழும்பு பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவினம், அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசனுக்குக் காசு இல்லை. இந்தியாதான் போறது எண்டாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு நீங்களே நேர கோல் எடுங்கோ, ஒறிஜினல் படத்தை ஆரிட்டயும் குடுக்காதேங்கோ, எடுக்கிற அண்டைக்கே சீடியும் கேட்டு வாங்குங்கோ. தலையிடி கூடிக்கூடி வந்து சத்தியும் எடுத்தா, ஆள் மயங்கி மயங்கித் தூங்கினா, ரெட்டையாத் தெரிஞ்சா, ஒரு பக்கம் சோர்ந்தா கிளினிக் டேட்டைப் பாத்துக்கொண்டு இருக்காம உடன கொண்டு போங்கோ. வலிப்பு வந்தா கையில இரும்பு, திறப்பு ஒண்டும் வேண்டாம், வாய்க்குள்ளயும் ஒண்டும் வைக்காதேங்கோ, ஒரு பக்கமாச் சரிச்சுக் கிடத்தி நேரத்தைப் பாருங்கோ, 5 நிமிசம் தாண்டினா 1990.

எங்களைப் போல இவனிட்டக் காசு குடுத்த ஆக்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் இருப்பினம். வெக்கப்பட்டுக்கொண்டு இருக்காம உங்கட பொலிஸில போய் ஒரு என்ட்ரி போடுங்கோ, அவனிட்ட எங்கட படம் மட்டும் இருக்காது.